தார்ப்பாயை அவிழ்த்துவிட்டேன், நைனா

அன்புள்ள என் நைனாவுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. எர்ணாவூர் காற்று அப்படியேதான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு சேதி. உன் கலெக்டரம்மாவை நானே கொல்லப் பார்த்தேன்.

படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்: கலெக்டரம்மா, நீ ஆசையாய் வளர்த்த சிவப்புப் பெட்டைக் கோழி. எங்கள் பிளாக்கில் ஒரு வாசல் விடாமல் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேயப் போவாள், அதனால் அந்தப் பெயர். லாரி ஓட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நீ அவள் பின்னாலேயே நடக்கிற டவாலிச் சேவகன்.

நீ போன பிறகு மாடிப்படிக்குக் கீழே அவள் கூண்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். மழைக்காலம் வந்தது. சாயங்காலமானால் உரக் கம்பெனிப் பக்கமிருந்து அந்த அமோனியா நெடி. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மூடுவதுதானே? உன் பழைய லாரித் தார்ப்பாயைக் கூண்டைச் சுற்றி இண்டு இடுக்கு விடாமல் கட்டினேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்குச் சாம்பிராணி காட்டிய கையோடு தார்ப்பாயைத் தூக்கி அவளுக்கும் ஒரு சுற்று. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

போன மாதம் அவள் மூச்சில் ஒரு கரகரப்பு கேட்டது. இரண்டே நாளில் வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கினாள். கண்ணோரம் நுரை. தீனியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுச் சாந்தியக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தேறாது போலகீதே. போறதுக்கு முன்னாடி அறுத்துடு" என்றாள். "எங்க நைனா வளத்த கோழிக்கா, ஒன் வேலைய பாத்துகினு போ" என்று கத்திவிட்டேன். அவள் மேல் கோபமில்லை. அந்த மூச்சுச் சத்தம்தான் என்னைக் கத்தவைத்தது. கடைசி மாதம் உன்னிடம் கேட்ட அதே சத்தம்.

கூடையில் வைத்து மாதவரம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். "கம்பெனிப் பொகை டாக்டர், அதான் இத சாவடிக்குது" என்றேன். கூண்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தார்ப்பாய், சாம்பிராணி எல்லாவற்றையும் பெருமையாகவே சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "கூண்டுக்குள்ள தலைய விட்டுப் பாருங்கம்மா, கண்ணு எரியும். கீழ போட்ட ஈர மரத்தூள்ல எச்சம் ஊறி அமோனியா கெளம்பும். வெளிய போக வழி இல்லன்னா அத்தனையும் அது நெஞ்சுக்குத்தான். மழை படாம மேல மறைங்க, பக்கமெல்லாம் காத்து போகட்டும். தூளை மாத்துங்க. சாம்பிராணி வேணாம்" என்றார். மருந்தும் எழுதிக்கொடுத்தார். எந்த நெடிக்குப் பயந்து மூடினேனோ, அதை உள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறேன், நைனா.

கிளம்ப எழுந்தவள் டாக்டர் அறை வாசலில் நின்றுவிட்டேன். நீ கட்டிலில் கிடந்து, "சன்னல தொறம்மா, கொஞ்சம் காத்து வரட்டும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். "பொகை வரும் நைனா, கம்முனு பட்த்துக்கோ" என்று அதட்டிச் சாத்தினேன். உனக்கும் நான் தார்ப்பாய்தான் கட்டினேனா?

"மனுசனுக்கும் இப்பிடித்தானா டாக்டர்? எங்க நைனாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "அவருக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீங்க பாசத்துலதான் மூடுனீங்க, அது தெரியுது" என்றார். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

வந்ததும் தார்ப்பாயை அவிழ்த்தேன். நிஜமாகவே கண் எரிந்தது. அதை மேலே கூரையாக மட்டும் போட்டேன், பக்கங்களில் கம்பி வலை. சாந்தியக்கா காய்ந்த மரத்தூள் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

பத்து நாள் மருந்து கொடுத்தேன். நேற்றுக் காலை பக்கத்து வாசலிலிருந்து சாந்தியக்கா குரல் வந்தது: "அடியே, ஒங்க கலெக்டரு வந்து நின்னுகினு கீறாங்க." ஓடிப்போய்ப் பார்த்தேன். வாய் மூடித்தான் இருந்தது, நைனா. சத்தமே இல்லாமல் மூச்சு விட்டாள்.

இன்றைக்கு நீ படுத்திருந்த அறையின் சன்னலைத் திறந்தேன். எட்டு மாதத் தூசு, தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. கடல் காற்று உன் கட்டில் வரை வந்தது. நெடி வருகிற நாளில் தெருவில் இறங்கி நின்று கம்பெனிக்காரனைக் கேள்வி கேட்கிறேன். ஆனால் மூச்சு வாங்குகிற ஒரு உயிர் காற்றுக் கேட்டால், இனி அதட்டாமல் திறப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் பேச்சை எட்டு மாதம் கழித்துக் கேட்ட மகள்,
கஸ்தூரி