தலை ஆடாமல் கேட்பது

ஜூலை 9
ஆலோசகர் பயிற்சியில் இன்று தலையசைப்பு. எதிரே பேசும் பிள்ளைக்கு ‘கேட்கிறேன், சொல்லு’ என்று காட்ட, மெதுவாக, விட்டுவிட்டு அசைக்க வேண்டும். எனக்குத்தான் சபாஷ். வீட்டில் கணவரிடம் செய்து பார்த்தேன். "என்ன, இன்னிக்கு நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்கற?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஜூலை 15
பயிற்சிக்காகப் போகும் பள்ளியில் பட்டாசு வாயைத் திறந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி, ‘பட்டாசு’ என்று பட்டப்பெயர் வைத்தது ஆசிரியர்கள். பக்கத்து பெஞ்சுக்காரியைத் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டாள். மனநல மருத்துவமனையில் இருக்கும் பட்டாசின் அம்மாவைப் போல அந்தப் பெஞ்சுக்காரி தினமும் நடித்துக் காட்டுவாளாம்.
"யார்கிட்டயும் சொன்னதில்ல மிஸ். நாளைக்குப் பெரிய மிஸ் ரூம்ல விசாரிக்கும்போது நீங்க சொல்லுவீங்கல்ல?"
சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 16
எப்படி எழுதுவேன். தலைமையாசிரியை பேசிக்கொண்டே போனார். இவளால் மற்றவர்களுக்கு ஆபத்து, டிசி கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார். முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன் — என் தலை ஆடிக்கொண்டிருந்தது.
"பாருங்க, கவுன்சிலரே ஒத்துக்கறாங்க" என்றார் பட்டாசின் அப்பாவிடம். அவர் மகளின் பையை எடுத்துக்கொண்டார்.
நான் வாயைத் திறப்பதற்குள்... இல்லை, திறந்திருக்கலாம். ஏன் திறக்கல? அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17
பல் துலக்கும்போது கண்ணாடியில் தலை ஆடுகிறது.

ஜூலை 20
பஸ்ஸில் யாரோ பேச, இது பாட்டுக்கு ஆடுகிறது. கண்ணை மூடினால் அவள் பார்வை. வீட்டில் அவர் ஏதோ கேட்டார். "பேசாதீங்க, என்கிட்ட யாரும் பேசாதீங்க" என்று கத்திவிட்டேன். பாவம், கேஸ் சிலிண்டர் வந்ததா என்றுதான் கேட்டார்.

ஜூலை 22
பயிற்சியில் சொல்லி அழுதேன். பயிற்சியாளர் அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கரும்பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்து என் தலையில் வைத்தார். தானே தலைமையாசிரியையாக எதிரே உட்கார்ந்தார்.
"இது விழாம கேளுங்க. தலை ஆடப் பாத்தா, குறுக்க பேசுங்க."
விழுந்துகொண்டே இருந்தது. தலைமுடியெல்லாம் சாக்பீஸ் தூள். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும்.
"டிசி கிழிச்சுக் குடுத்துட்டாங்களா?"
"இன்னும் இல்ல."
"அப்போ இங்க உக்காந்து என்ன அழுகை?"

ஜூலை 23
போனேன். "அன்னிக்கு நான் ஒத்துக்கல மேடம். கேட்டுட்டிருந்தேன், அவ்வளவுதான்." முறைத்தார். பட்டாசின் அம்மா விஷயம் முழுக்கச் சொன்னேன். கழுத்து விறைத்துப்போய் வலித்தது.
"இதை அன்னிக்கே சொல்ல என்ன கேடு?"
டிசியை நிறுத்தி வைக்கிறேன், அந்த இன்னொருத்தியையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 5
பட்டாசு திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. என் அறைப் பக்கமே வரவில்லை. எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.
இன்று மதியம் வந்தாள். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
"நேத்து அம்மாவைப் பாக்கப் போனேன். என்னை யாருன்னு தெரியல அவங்களுக்கு."
என் தலை ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.
"வாயால சொல்லுங்க மிஸ். கேக்கறீங்களா?"
"கேக்கறேன்" என்றேன்.
நாற்காலியைத் திருப்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.