ராமநாதபுரத்து முத்திரை

1999 ஜனவரி 10, ஞாயிறு

பெயர் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் மருதுதான் கிளப்பிவிட்டான். ஏழு பேர், மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரை சைக்கிளில். முழுத் தூரமும் மிதிக்கிற ஒவ்வொருவருக்காகவும், நடக்க முடியாத ஒருவருக்குக் கையால் ஓட்டும் மூன்று சக்கர வண்டி வாங்கித் தருவதாக ஜவுளிக்கடை ஹாலாஸ்யம் சொல்லியிருக்கிறார்.

ஆளுக்கொரு நோட்டு, முதல் பக்கத்தில் வண்டி வாங்கப் போகிறவர் பெயர். என் நோட்டில் நாகமணி பெயர். தெருமுனையில் டெலிபோன் பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருக்கிறவள். இளம்பிள்ளை வாதம். தினமும் தம்பி நல்லகாமன் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறான். பிப்ரவரி 15 முதல் அவனுக்குத் திருப்பூரில் வேலை. அப்புறம் கடைக்கு எப்படி வருவாள்?

வீட்டுக்காரி ஜானு என் வயிற்றைப் பார்த்தாள். வீட்டில் நாங்கள் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். கேலிக்கு மட்டும் அவள் தமிழுக்கு மாறுவாள், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. "முதல்ல பால் பூத் வரைக்கும் போய்ட்டு வாங்க."

ஜனவரி 17

பசுமலை வரை ஓட்டிப் பழகினேன். திரும்பும்போது பஸ்.

ஜனவரி 22, பரமக்குடி

ஒவ்வொரு ஊர் தபால் ஆபீஸிலும் ஆளுக்கொரு நோட்டில் முத்திரை வாங்குகிறோம். பக்கத்தில் மணியும் எழுதித் தருகிறார்கள். திருப்புவனம், மானாமதுரை, இங்கே – மூன்றிலும் நான்தான் கடைசி. "அண்ணே வந்துட்டாருன்னா கடையடைக்கலாம்" என்கிறான் மருது.

ராத்திரி எல்லோருக்கும் சித்தப்பா வீட்டில் சாப்பாடு.

ஜனவரி 23, ராமேஸ்வரம்

எழுதலாமா? எழுதுகிறேன்.

காலையில் சித்தி புளியோதரை போட்டாள். எங்கள் ஆட்களுக்கு விருந்தாளி இலையில் பச்சை தெரிந்தால் பொறுக்காது. மூன்று தடவை போதும் என்றேன். மூன்று தடவையும் போட்டாள். மற்ற ஆறு பேரும் இலையை மடித்துத் தப்பினார்கள். நான் சொந்தக்காரன், எப்படி மடிப்பது?

ஊர் தாண்டவில்லை, வயிறு பிசைந்தது. புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். கரி லாரி ஒன்று நின்றது. "ஏறுங்கண்ணே." ஏறிவிட்டேன், சைக்கிளோடு. வழியில் மருது கூட்டத்தைக் கடக்கும்போது மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். ராமநாதபுரத்தில் முத்திரை வாங்கிவிட்டு, அவர்கள் வந்து கிளம்பிப் போகும்வரை ஒரு டீக்கடைக்குள் இருந்தேன். ராமேஸ்வரத்துக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தபோது கைதட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

அந்த முப்பத்தைந்து கிலோமீட்டரைத் தவிர மீதி எல்லாம் நானே மிதித்தது. ஆனால் பேச்சு முழுத் தூரம் என்றுதானே?

ஜனவரி 25

"ரோட்டுல கரியா போட்டிருக்காங்க?" – ஜானு, சட்டையைத் துவைத்தபடி.

பிப்ரவரி 6, சனி

ஏழு வண்டிகளும் வந்துவிட்டன. ஹாலாஸ்யம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். முதுகு குறுகுறுத்தது.

சாயங்காலம் நாகமணி கூப்பிட்டாள். ஹாலாஸ்யம் கேட்டார் என்று ஏழு நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்தது அவள்தான். என் பக்கத்தையும் மருதுவின் பக்கத்தையும் சேர்த்து வைத்தாள்.

"எல்லா ஊர்லயும் நீங்க அவருக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. ராமநாதபுரத்துல மட்டும் முக்கால் மணி முன்னாடி. இறக்கை முளைச்சுச்சாண்ணே?"

எல்லாவற்றையும் சொன்னேன். புளியோதரைக்குச் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். விட்ட தூரத்தை மிதிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும், நான் ஏற மாட்டேன்."

"தம்பி போயிட்டா?"

"கடை பூட்டிக் கிடக்கும்."

இம்புட்டுப் பிடிவாதமா! இரவெல்லாம் அவள் மேல் கோபம். விடியும்போது என் மேல்.

பிப்ரவரி 13

இரண்டாம் சனி, லீவு. பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டுப் பரமக்குடி, அங்கே ஒரு முத்திரை. சித்தப்பா தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனேன். பட்டினி. எதிர்காற்று. அந்தப் புளியமரத்தடியில் நிற்கவில்லை. லாரி ஒன்று மெதுவாக்கியது, கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ராமநாதபுரத்தில் இன்னொரு முத்திரை. டீக்கடையில் யாரும் கைதட்டவில்லை.

பிப்ரவரி 14

நாகமணி இரண்டு முத்திரையையும் படித்தாள். "ஒன்பதரைக்குக் கிளம்பி ரெண்டே காலுக்கா?" என்றாள். "இதுதாண்ணே உங்க நேரம்."

பிப்ரவரி 15, திங்கள்

நல்லகாமன் காலை பஸ்ஸில் போய்விட்டான்.

ஆபீஸுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மணி அடித்தது. "ஓரமா போங்கண்ணே, கடை திறக்கணும்." ஒதுங்கினேன். இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

விரட்டிப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை.