மாவு மில்லுக்கு எதிர் மாடி

இன்று காலை பால்கோவா கடைக்காரர் ஒருவர் தன் இணையக் கடைக்காக ஒரு மாதிரி அனுப்பியிருந்தார். ஆர்டர் போட்டு முடித்ததும் வரும் உறுதிப் பக்கம். மேலே பெரிய பச்சை டிக். அதன் கீழே வாங்கியவர் பெயர், கதவு எண், தெரு, போதாதற்கு வரைபடம் வேறு. "இதே மாதிரி பளிச்சுனு வேணும்மா" என்றார் போனில். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நீ காய்ச்சலில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் அந்த மதியம்தான் ஞாபகம் வருகிறது.

ராஜபாளையத்தில், மாடி ஆபீஸில், ஒரு துணிக்கடையின் இணையதளத்தை நாம் இருவரும் பார்த்துக்கொண்ட காலம் அது. பக்கங்களை வடிவமைப்பது நான், வாடிக்கையாளர் போன்களை எடுப்பது நீ. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் அடித்தது. நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

"அக்கா, இப்பதான் ஒரு ஆர்டர் போட்டேன். அதை அழிச்சிருங்க."

"எதுக்கும்மா, கலர் மாத்தணுமா?"

"இல்லக்கா. பழைய கணக்குல போட்டுட்டேன். அதுல எங்க வீட்டுக்காரர் நம்பர் இருக்கு. மெசேஜ் அவியளுக்குப் போயிருக்கும்."

அவள் பெயர் செல்வி. புருஷனின் அடி தாங்காமல் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து ஓடிவந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில் இருந்தாள். எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. மகளுக்கு இரண்டு கவுன் வாங்கப்போய், இப்போது அவன் போனுக்கு ஒரு இணைப்பு போயிருந்தது. அதைத் தொட்டால் நம் பக்கம் திறக்கும். எல்லாக் கடைகளிலும் இருப்பதுபோல முழு முகவரி இருக்கும். கொரியர்காரர் அலையக் கூடாதென்று 'மாவு மில்லுக்கு எதிர் மாடி' என்றுகூட அவள் எழுதியிருந்தாள்.

நான் முகவரியை அந்த நிமிடமே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

"அதுக்குள்ள பார்த்திருப்பானா?" என்று கேட்டாய்.

"தெரியல. தெரிஞ்சுக்க வழியில்ல."

செல்வி இன்னும் லைனில் இருந்தாள். "வெளியே இறங்கவே பயமா இருக்குக்கா" என்றாள். நீ வண்டிச் சாவியை எடுத்தாய். போலீஸுக்குச் சொல்லுவோம் என்றேன். "பின்னாடி உக்காந்து சொல்லிக்கிட்டே வா. ஏறு ஏட்டி."

சங்கரன்கோவிலிலிருந்து வருகிறவன் நாம் போகும் அதே சாலையில்தான் போயாக வேண்டும். அவன் முகம் நமக்குத் தெரியாது. நம்மை முந்திக்கொண்டு போன ஒவ்வொரு பைக்கும் அவனாக இருந்தது. மகளிர் காவல் நிலையத்துக்குப் பேசினேன், செல்வியை அழைத்து வரச் சொன்னார்கள். காற்றிரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் ஓட்டினாய். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் தாண்டியதும் ஓர் ஆட்டோவை நிறுத்தி, பின்னால் வரச் சொன்னாய்.

மாடி ஏறிக் கதவைத் தட்டினோம். உள்ளே குழந்தையின் குரல், "அப்பாவாம்மா?" அப்புறம் யாரோ அதன் வாயைப் பொத்தியதுபோல அமைதி. நீ கதவோடு ஒட்டி நின்று மெதுவாகச் சொன்னாய்: "செல்வி, நான்தாம்மா. போன்ல பேசினவ." தாழ்ப்பாள் விலக வெகு நேரம் ஆனது.

ஒரு பையோடு அவர்களை ஆட்டோவில் ஏற்றினோம். நான் அவர்களோடு உட்கார்ந்தேன், நீ வண்டியில் முன்னால் போனாய். தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது ஒரு பைக் எதிரே நுழைந்தது. செல்வி மகளின் தலையை மடிக்குள் அழுத்திக்கொண்டு தானும் குனிந்தாள். "அவியதான்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். மாவு மில்லுக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். கையிலிருந்த போனைப் பார்த்தான், நிமிர்ந்து மாடியைப் பார்த்தான், மறுபடியும் போனைப் பார்த்தான். கொரியர்காரர்கள் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான். நான் முகவரியை எடுப்பதற்கு முன்பே பக்கத்தை அவன் படம் பிடித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மகளிர் காவல் நிலையத்து பெஞ்சில் நீ தண்ணீர் குடித்தாய். பாதி உன் துப்பட்டாவில் கொட்டியது.

"உனக்கும் பயமா?" என்றேன்.

"ராஜபாளையத்துல இருந்தே பயந்துகிட்டுதான் ஓட்டினேன். சொல்லியிருந்தா நீ குதிச்சிருப்ப."

போலீஸார் அவனைக் கூப்பிட்டு, இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். செல்வியை அன்று மாலையே மதுரைக்கு, அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். இப்போது அங்கே தையல் வேலைக்குப் போகிறாள். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நீ காய்ச்சலில் படுத்த செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

அதன்பிறகு முதலாளியிடம் வாதாடி அந்தப் பக்கத்தை மாற்ற வைத்தாய். பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், செய்தி எந்த எண்ணுக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும் என்றாய். "வாங்கினவளுக்குத் தெரிஞ்சா போதும்டி" என்பாய்.

பால்கோவா கடைக்காரரிடமும் அதையே சொன்னேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். உன் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. எந்தப் பக்கத்தை முடித்தாலும் வெளியே விடுவதற்கு முன் போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நிற்கிறேன். அன்று மாவு மில் முன்னால் செல்வியின் புருஷன் நின்ற மாதிரியே நின்று, திரையையும் வீடுகளையும் மாறி மாறிப் பார்க்கிறேன். இதை வைத்துக்கொண்டு எந்த வீட்டையும் என்னால் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் மேலே ஏறி வருகிறேன்.