நிலம் யாருடையது என்ற கேள்வியை மாற்றிக் கேட்கக் கோரும் மனு

விடுநர்:
அ. பாவாயி,
த/பெ அர்த்தனாரி,
குண்டூர் நாடு, கொல்லிமலை.

பெறுநர்:
உணவுப் பங்கீட்டு அதிகாரி அவர்கள்,
மலைக்கிராமங்கள் பிரிவு.

பொருள்: முதியவர்கள் பதினான்கு பேருக்கு ரேஷன் கார்டு கிடைக்காதது – மறுவிசாரணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் குமாஸ்தா எங்கள் ஊரில் வீடுவீடாக விசாரித்து எழுதிச் சென்றார். அவர் எழுதியதில் பிழையில்லை. நாங்கள் சொன்னதுதான் பிழை. அப்போதே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பலாமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. இங்கே கடைசி மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தகப்பனார் ஏரை இறக்கி வைத்துவிடுவார். நிலம் பிள்ளைகள் கைக்குப் போகும். அறுவடைதோறும் அவர்கள் பெற்றோருக்குக் கேழ்வரகும் சாமையும் அளந்து கொடுப்பார்கள். பெற்றோர் தனி அடுப்பில் சமைத்துக்கொள்வார்கள். ஆனால் தகப்பனார் இருக்கும்போது நிலத்தை என்னுடையது என்று எந்தப் பிள்ளையும் சொல்லமாட்டான். அப்படிச் சொல்வது அவர் சாவுக்கு நாள் குறிப்பது போல.

3. குமாஸ்தா, நிலம் யாருடையது என்று கேட்டார். பிள்ளைகள் எல்லோரும் "எங்கப்பனுதுங்க" என்றார்கள். தகப்பனார்கள் மீசையைத் தடவிக்கொண்டு "என்னுதுதானுங்க, அந்த ஓடை வரைக்கும்" என்றார்கள். சின்னக்கண்ணு என்பவர் ஓடைக்கு அப்பால் இருப்பதையும் சேர்த்துக் காட்டியதாகத் தெரிகிறது. சொந்த விளைச்சல் உள்ளவருக்குக் கார்டு இல்லை என்பதால், உழுகிற பிள்ளைகள் நிலமற்றவர்களாகிக் கார்டு பெற்றார்கள். அவர்கள் அளக்கும் தானியத்தில் வாழும் முதியவர்கள் நிலக்காரர்களாகி, சர்க்கரையும் மண்ணெண்ணெயும் இல்லாமல் இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்கள் பங்கில் கொடுத்தாலும், தானியம் போல அது முறையல்ல என்று அவர்கள் வாங்குவதில்லை.

4. எழுபது வயதான அப்பாசாமி அவர்கள், "சர்க்காரே எழுதிடுச்சு, நெலத்துக்கு நாந்தான் பண்ணாடி" என்று மறுபடியும் ஏர் பூட்டினார். மகன் ஒரு கோடியிலிருந்தும் அவர் மறுகோடியிலிருந்தும் ஒரே வயலை உழுது நடுவில் முட்டிக்கொண்டார்கள். மாடுகள் நின்றுவிட்டன. அவர் மனைவி பெருமாயி அவர்கள் கஞ்சியோடு வந்து, "பண்ணாடி ரெண்டு பேரு, கலயம் ஒண்ணுதானுங்க. யாரு மொதல்ல?" என்று கேட்டதில் ஊரே சிரித்தது.

5. எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சர்க்கார் எழுதியதைக் காட்டி, அடுத்த உழவுக்குள் என் அண்ணன் மாணிக்கத்திடமிருந்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக என் தந்தை சொல்கிறார். அண்ணனுக்கு மூன்று சிறு குழந்தைகள். வேறு பிழைப்பு இல்லை. தந்தைக்கும் வேறு ஆதாரம் இல்லை. முதுமைக்கென்று வைத்திருந்த மிளகுக்கொடிகளை ஒத்திக்கு விட்டுத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

6. எனவே குமாஸ்தா அவர்களை மறுபடியும் அனுப்பி, நிலம் யாருடையது என்பதை விட்டு, இந்த வருஷம் உழுதது யார் என்று மட்டும் கேட்கச் செய்யும்படி வேண்டுகிறேன். அதற்கு இங்கே யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. உள்ளங்கைக் காய்ப்பு காட்டிக்கொடுத்துவிடும். அப்பாசாமி அவர்களின் பதிலை மட்டும் பெருமாயி அவர்களிடம் கேட்பது நலம்.

7. குமாஸ்தாவுடன் வீடுவீடாக நடந்து எழுதித்தர நான் தயாராக இருக்கிறேன். இம்முறை மரத்துக்குப் பின்னால் நிற்கமாட்டேன்.

இடம்: குண்டூர் நாடு
நாள்: 2-8-1946

தாங்கள் ஆவன செய்வதை எதிர்நோக்கும்,
அ. பாவாயி, பி.ஏ.

(பட்டத்தைப் போடாமல் கையெழுத்திட்டிருந்தேன். மிளகுக்கொடியை ஒத்திக்கு விட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து போடச் சொன்னார்.)