ராணுவக் கணக்குப் பேசி நீ கெடுத்த சம்பந்தம்

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது தெற்கு வானத்தில் ஒரு போர் விமானம் உறுமிக்கொண்டு போனது. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் தெப்ராவில் டயர் கடை வைத்திருப்பவனுக்கு அது புதிதில்லை. ஆனாலும் உன் குரல்தான் காதில் விழுந்தது. "கேட்டியா மச்சான்? எங்க காசு பறக்குது!" செத்த பிறகும் என்னைச் சீண்டுவதை நீ விடவில்லை.

பாலோ ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தோம். நீ எல்லைப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாய். அங்கேயே குடியுரிமையும் வாங்கிக்கொண்டாய். வயிற்றுப்பாடு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஞாயிறு தவறாமல் உலு திராமுக்கு வந்து, என் வீட்டில் பசியாறிக்கொண்டே என் நாட்டின் ராணுவச் செலவை அளந்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"உங்களுது சம்பளத்துக்கும் பென்சனுக்குமே போயிடுது லா. எங்களுது விமானம், பீரங்கினு மிஷினுக்குப் போகுது" என்பாய். ஜப்பானை இழுப்பாய், சுவிட்சர்லாந்தை இழுப்பாய். எல்லாம் செய்தித்தாளில் பொறுக்கியது. நான் வியாபாரி. விலையை மட்டும் பார்த்துச் சரக்கை எடை போட மாட்டேன். ஒரே டயரை மாட்ட உன் ஊரில் ஒரு கூலி, என் ஊரில் ஒரு கூலி. அதை விட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது என்ன ஒப்பீடு?

ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டேன். "ஒன் மகன் ரெண்டு வருஷம் கட்டாய ராணுவப் பணி செஞ்சானே, கைச்செலவுக் காசுதானே குடுத்தாங்க? ஆள் மலிவா கெடைச்சா எவனுக்கும் மிஷின் வாங்கக் காசு மிஞ்சும்டா." பாதித் தோசையில் எழுந்து போனாய். அந்த எரிச்சலைத்தான் நிச்சயதார்த்தத்தன்று தீர்த்துக்கொண்டாய்.

உன் மகனுக்கு என் மகள். அவர்களே விரும்பியது. கூடத்தில் தட்டுகள் வைத்தாகிவிட்டது, வெற்றிலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போதா உன் நாட்டுப் புதுத் தளவாடங்களைப் பற்றி அளக்க வேண்டும்?

"அந்த மிஷின்லாம் எந்தப் பக்கம் பாத்து நிக்குது? என் வீட்டப் பாத்துத்தானே?" என்றேன்.

"ஆமா, பக்கத்துல என் மகன்தான் நிக்கிறான். பயமா இருந்தா பொண்ணக் குடுக்காத!"

சபையில் சொன்னாய். என் பெண் அறைக்குள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நீயே தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாய். நான் தடுக்கவில்லை. இன்றைக்கு நடந்தாலும் தடுக்க மாட்டேன். பிறகு நீயும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஒருநாள் மாரடைப்பு என்று போன் வந்தது. சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவது உனக்குக் கைவந்த கலை.

போன வாரம் உன் மகன் தனியாகக் கடைக்கு வந்தான். வருடாந்தர ராணுவப் பயிற்சி முடிந்து ஒட்ட வெட்டிய தலை. உன்னைப் போலவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "மாமா, நாங்க ரெண்டு பேரும் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றான். அந்த நேரம் பார்த்து வானத்தில் அதே உறுமல்.

"அது ஒரு தடவ பறந்தா எவ்வளவு ஆகும்?" என்றேன், வேண்டுமென்றே.

"தெரியாது மாமா. அப்பாவுக்குத்தான் தெரியும்."

சம்மதம் சொல்லிவிட்டேன். உனக்காக இல்லை, என் பெண்ணுக்காக. மண்டபத்தில் உன் படத்துக்கு மாலையும் போடுவேன். ஆனால் அவனிடம் ஒரு நிபந்தனை போட்டேன். "கல்யாணத்துல ஒரு ஆளும் ராணுவச் செலவப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது."

அவன் சிரித்தான். "இனிமே யாரு மாமா இருக்கா, பேசறதுக்கு?"

நீ தட்டைத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் காலையே உனக்குச் சரியான பதில் ஒன்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வருவாய், வாயை அடைக்கலாம் என்று வைத்திருந்தேன். இன்னும் என்னிடமே இருக்கிறது. வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.