லிப்ட் வேலை பச்சை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அதில் உன் அம்மா என்னைவிட ஒரு படி கூடுதல் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? குழந்தைக்குச் சளி விட்டதா என்பதைக்கூட நான் கடிதம் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, நீ போனில் சொல்வதெல்லாம் அம்மாவிடம்தான், எனக்கு வருவது மிச்சம் மீதிதானே. நானே போன் செய்யலாம்தான், ஆனால் அவள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், இல்லாத நேரம் உனக்கு வேலை நேரம். இன்று விடுமுறை. அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், பெரிய பதவி, பெரிய வேலை. நான் துணி காயப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தப் பதவிக்காக அவள் படித்து வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது. ஆணி அடித்தது நான்தான். ரசமட்டம் வைத்துப் பார்த்து அடித்தேன், கொஞ்சம் கோணினாலும் பொறாமையில் செய்தேன் என்பாள். அதே ஆஸ்பத்திரியில் என் நீண்ட சேவைக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம் இருந்ததே, அந்த இடம்தான். கடிகாரம் இப்போது சமையலறையில் இருக்கிறது, அங்கேதான் நேரம் பார்க்க வசதி என்றாள். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். சொல்வதற்கென்ன, வயிறு எரிகிறது பாப்பா. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல, அதிலும் இதைத் தொடங்கிவைத்தவளே நீதான்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அம்மாவும் சொல்லியிருப்பாள், ஆனால் என்னை விட்டுக்கொடுக்காமல் பாதியை விழுங்கியிருப்பாள். ஆஸ்பத்திரி மொத்தமும் புதுக் கட்டடத்துக்கு மாறப் போகிறது அல்லவா, லிப்ட், ஆக்சிஜன் குழாய், கம்ப்யூட்டர், சமையற்கூடம் என்று ஒவ்வொன்றும் தனித் திட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாளர். லிப்ட் என்னுடையது. இவை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்க மேலே ஒரு புரோகிராம் மேனேஜர் வேண்டும், அவருக்கு இந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. நான் என்ன நினைத்தேன் என்றால், கட்டட வேலையிலேயே ஊறிப்போன ஆளுக்குக் காகிதம் எதற்கு, சும்மா ஒப்புக்குச் சொல்கிறார்கள், நாற்காலி தானாக என் பக்கம் நகர்ந்து வரும் என்று. வார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா அதில் உட்காருவாள் என்று கனவிலும் நினைக்கவில்லை. நீதான் அவளைக் கிளப்பிவிட்டாய். இரண்டு கிளை ஆஸ்பத்திரிகளை ஒன்றாகச் சேர்த்தபோது ஆளையும் அறையையும் நேரத்தையும் கோர்த்தது அவள்தான், அதற்குப் பெயரே புரோகிராம் மேனேஜ்மென்ட்தான் என்று சொல்லி, சான்றிதழ் தேர்வுக்கான விண்ணப்பத்தில் எழுதவும் வைத்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பாடம். சாப்பாட்டு மேசை முழுக்க புத்தகம், மஞ்சள் பேனா, அவள் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்வதும் நீங்கள் இருவரும் சிரிப்பதும். நானும் ஒரு ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் குறுக்கே நடந்தேன், அப்பா நீங்களும் உட்காருங்க என்பாய் என்று. டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா என்றாய். குறைத்தேன். அவள் தேர்ச்சி பெற்ற அன்று நான் எழுந்து நின்று கைதட்டினேன், அது நடிப்பில்லை. வயிறு எரிந்ததும் நடிப்பில்லை.

நாற்காலியும் அவளுக்கே வந்தது, முதல் கூட்டத்தில் அவள் என்னைப் பார்த்துக் கேட்டது, லிப்ட் வேலை எப்படிப் போகுது சார் என்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னங்க என்று கூப்பிட்ட வாய். சுற்றி இருந்தவர்கள் குனிந்து சிரித்தார்கள், ஆக்சிஜன் குழாய்க்காரர் சிரிப்பை மறைக்க இருமினார். நான் பச்சை என்றேன். வாரா வாரம் நாங்கள் அவளுக்கு நிலவரம் சொல்ல வேண்டும், எல்லாம் ஒழுங்கு என்றால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், வேலை நின்றுவிடும் என்றால் சிவப்பு. அன்றைக்கு நான் சொன்ன பச்சை உண்மையான பச்சைதான். அதற்கடுத்து வந்த கதவுச் சட்டங்களில்தான் வினை. கட்டிலோடு நோயாளியை ஏற்றும் பெரிய லிப்ட்டுக்கு வந்த சட்டம் அகலத்தில் குறைவு. கட்டில் மட்டும் போகும், பக்கத்தில் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நர்சு போக முடியாது. கம்பெனிக்காரர்களைத் திட்டினேன், கெஞ்சினேன், வேறு சட்டம் வர மாதக்கணக்காகும் என்கிறார்கள். எப்படியாவது சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடலாம் என்று வாராவாரம் பச்சை, பச்சை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். அவளிடம் எப்படிச் சொல்வது? சான்றிதழ் இல்லாத புருஷன் சொதப்பிவிட்டான் என்று ஆகிவிடாதா?

என் பழக்கம் உனக்குத் தெரியும், மனசு சரியில்லை என்றால் திருப்புளியை எடுத்துவிடுவேன். வீட்டில் ஒரு கதவுப்பிடி பாக்கியில்லை, எல்லாம் முறுக்கியாகிவிட்டது. குளியலறைத் தாழ்ப்பாள் இப்போது பலம் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலையில் மட்டும், அலமாரிக் கதவும் லேசா ஆடுதுங்க, கையோட அதையும் பாத்துடுங்க என்றாள். குத்திக்காட்டுகிறாளா, உண்மையிலேயே ஆடுகிறதா என்று புரியாமல் அதையும் முறுக்கினேன்.

போன வாரக் கூட்டத்தில்தான் நோயாளிகளை மாற்றும் தேதி குறிக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பச்சை சொல்லி வந்து என் முறை. அந்தத் தேதியை வைத்துத்தான் ஆபரேஷன் முடிந்தவர்களைக்கூடக் கட்டிலோடு கொண்டுபோவார்கள். பச்சை என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது பாப்பா. அந்த லிப்ட் வாசலில் யாரோ ஒருவருடைய சலைன் குழாய் இழுபடுவது கண்ணில் தெரிந்தது. சிவப்பு என்றேன். குழாய்க்காரருக்கு இருமல்கூட வரவில்லை. எத்தனையோ மேலதிகாரிகளிடம் சிவப்பு சொல்லியிருக்கிறேன், ஏன், எப்படி, இத்தனை நாள் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, உங்களுக்கு என்ன உதவி வேணும் சார் என்றாள். சட்டத்தின் அகலக் குறைவை ஒளிக்காமல் சொன்னேன். அப்புறம் அங்கேயே தேதியைத் தள்ளி வைத்து, நடக்க முடிந்தவர்களை முதலில் மாற்றலாம், கட்டில் நோயாளிகள் கடைசியில் என்று வரிசையை மாற்றி, சட்டத்துக்குக் கம்பெனி மேலிடத்தில் பேச தலைமை அதிகாரியையே பிடித்தாள். எனக்கு உதவிக்கு ஓர் ஆளும் வந்தாயிற்று. நன்றியோடு பார்த்திருக்க வேண்டும். நான் பொறாமையோடு பார்த்தேன். என் கீழே வேலை பார்த்த ஒருவரிடமாவது நான் அப்படிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன், உனக்கு முன்னாடியே தெரியுமா என்று. குளியலறைத் தாழ்ப்பாளை முறுக்கினப்பவே தெரியும் என்றாள். பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன். என் வீட்டுக்காரரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை வச்சு லிப்ட் சாரை நான் எப்படிங்க கேக்க முடியும், அது மத்தவங்களுக்கு நியாயமா என்றாள். நான் பச்சை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். தேதி குறிச்சிருக்க மாட்டேன், எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய் ஒரு கட்டிலைத் தள்ளிப் பாத்திருப்பேன், நீங்க அதுக்கு முந்திக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதனால் பாப்பா, விஷயத்துக்கு வருகிறேன். நானும் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். நாற்காலிக்காக இல்லை, அதில் ஆள் உட்கார்ந்தாயிற்று, நன்றாகவும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், மஞ்சள் கோடு போட்ட இடமெல்லாம் புரிகிறது, போடாத இடம்தான் புரியவில்லை. மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி. மழையில் நனையாதே, கழுத்து வலிக்கிறது என்றாயாமே, கம்ப்யூட்டரை உயரத்தில் வைத்துப் பார். எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள். மறக்காமல் ஒன்று, இதை அம்மாவிடம் சொல்லாதே, தாழ்ப்பாளைப் பார்த்து அவளே தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா.
நிலவரம்: சிவப்பு.
வேண்டிய உதவி: ஞாயிற்றுக்கிழமை.