அரைக் கிலோ குறைந்த துப்பாக்கி

ஓசூர்,
3.6.2024

சுசித்ராவுக்கு,

என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் காகிதம் செலவாகிறது. நலமா என்று கேட்டால் அதற்கும் சண்டைக்கு வருவாய். கேட்கவில்லை.

ஆப்பிரிக்க ஆர்டருக்கான ரைஃபிளின் டெஸ்ட் ரிப்போர்ட் உன் மேசையில் பன்னிரண்டு நாளாகத் தூங்குகிறது. காட்டெருமை வேட்டைக்கு வழிகாட்டும் ஆட்கள் நாள் முழுக்க அதைச் சுமந்து நடப்பவர்கள். எடை குறைய வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அதனால்தான் முன்பாதி மெலிந்த பேரல் குழலைத் தேர்ந்தெடுத்தேன். அரைக் கிலோ குறைந்திருக்கிறது. இரும்பு ஸ்டாண்டில் மாட்டிச் சுட்டதில் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் உனக்கு? கையெழுத்துப் போட்டு அனுப்பு.

பாலாஜி
டிசைன் பிரிவு

உத்தனப்பள்ளி டெஸ்ட் கூடம்,
6.6.2024

பாலாஜி அவர்களுக்கு,

நான் நலம். கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன், உங்களுக்கு வருத்தமாக இருக்கட்டும்.

ஸ்டாண்டுக்குத் தோள் கிடையாது. எனக்கு உண்டு. அறுபது குண்டு சுட்டேன். இன்றைக்கும் வலது கையால் தலை வார முடியவில்லை. பெரிய குண்டுக்காக உள் ஓட்டையைப் பெரிதாக்கும்போதே பேரலில் இரும்பு குறைந்துவிடுகிறது. அது போதாதென்று வெளியேயும் சீவியிருக்கிறீர்கள். ஒரு குண்டு போனதும் முனை வானத்தைப் பார்க்கிறது. அதைக் கீழே இறக்கி இரண்டாவது குண்டு சுடுவதற்குள் எருமை ஆளின் மேல் வந்துவிடும். முன்பக்கம் கொஞ்சம் கனமான நடுத்தரப் பேரல் வேண்டும் என்று மார்ச்சிலேயே எழுதினேன். படிக்கவே இல்லை.

குறைப்பது நீங்கள், உதை வாங்குவது நான். கல்யாணத்திலும் இதே கதைதான். பத்துக் குண்டு உங்கள் தோளில் வைத்துச் சுடுங்கள். அன்றே கையெழுத்துப் போடுகிறேன்.

சுசித்ரா

ஓசூர்,
10.6.2024

சுசித்ரா,

நான் வரைகிறவன், சுடுகிறவன் இல்லை. உன் தோள் நோஞ்சானாக இருந்தால் அதற்கு என் டிராயிங் என்ன செய்யும்?

சுற்றி வளைக்காமல் பேசுவோம். பரஸ்பர விவாகரத்து மனு எட்டு மாதமாக என் மேசை டிராயரில் கிடக்கிறது. கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்குமாக நீ அலைவது தெரியும். ரிப்போர்ட்டில் நீ கையெழுத்துப் போடு, மனுவில் நான் போடுகிறேன். இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

பாலாஜி

உத்தனப்பள்ளி,
13.6.2024

பாலாஜி அவர்களுக்கு,

வெட்கமாக இல்லையா? உங்களிடமிருந்து விடுபட வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறீர்கள்.

நான் கையெழுத்துப் போட்டால், முகம் தெரியாத ஒருவர் என் பெயரை நம்பி அந்தத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போவார். அவர் வீட்டிலும் ஒருத்தி காத்திருப்பாள்.

சாகும்வரை உங்கள் பெண்டாட்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அந்தப் பேரலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடம் திறந்திருக்கும். நான் இருக்க மாட்டேன். கூடத்து உதவியாளர் வெங்கடசாமி இருப்பார்.

சுசித்ரா

ஓசூர்,
18.6.2024

சுசித்ரா,

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. உன் பிடிவாதம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஞாயிறு வந்தேன். பத்தில் நான்குதான் முடிந்தது. நான்காவதில் துப்பாக்கி உதைத்த உதையில் அதன் மேலிருந்த டெலஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. மூன்று தையல். உன் வெங்கடசாமி பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே, "மேடம் அறுபது சுட்டாங்க சார். ஒரு வாட்டியாச்சும் ஆன்னு சொல்லியிருப்பாங்களா? நீங்க நாலுக்கே உக்காந்துட்டீங்களே" என்றார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

மெலிந்த பேரல் டிராயிங்கை ரத்து செய்துவிட்டேன். நடுத்தரப் பேரல் டிராயிங் இதோடு வருகிறது. ஆர்டர் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று அவர்களுக்கும் எழுதியாகிவிட்டது. இதையும் சுட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடு.

மனுவிலும் கையெழுத்துப் போட்டு இதே கவரில் வைத்திருக்கிறேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம். வலது கை இன்னும் தூக்க வரவில்லை, கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. இது உன் புருஷன் போட்டதுதானா என்று வக்கீல் கேட்டால், காரணத்தைச் சொல்லிவிடு.

பாலாஜி